இறக்கத்தில் தள்ளும் பாரம்



பகாங் மாநிலத்திலிருந்து ஒரு தங்கை கடிதம் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய கணவர் செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறார். இதுநாள்வரை சமதரையில் ஓடிய வண்டியை இப்போது மேட்டுக் காட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வண்டியோ அவருடைய மாமனார் காலத்து வண்டி. "பிரேக் நல்லாத்தான் இருக்கு, பயப்படாதே என்கிறார். ஆனால் இறக்கத்தில் டிரெயிலர் பின்னாலே முட்டுது என்று அவரே ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார். அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. வாத்தியார் ஐயா, பிரேக் நன்றாக இருந்தால் போதாதா?" இதுதான் கடிதத்தின் சாரம்.

போதாது, தங்கையே. ஆனால் உங்கள் கணவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் காதில் விழுந்த அந்த முட்டல் சத்தத்திலேயே பாதிப் பாடம் இருக்கிறது. மீதியைப் பழைய பட்டறை போர்மன் ஒருவரிடமும், முப்பது ஆண்டுகள் மலைத் தோட்டத்தில் வண்டி ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடமும் கேட்டு, என் பள்ளிக்கூடக் கணக்கையும் சேர்த்து இங்கே தருகிறேன். வீட்டில் டிராக்டர் ஓட்டுபவர் இருந்தால், தயவுசெய்து இந்தப் பக்கத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

முதலில் கணக்கு. கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை போடும் கணக்குத்தான். வெறும் டிரெயிலர் ஒரு டன் என்று வைத்துக்கொள்வோம். அதில் இருபது கிலோ எடையுள்ள குலைகள் நூற்றைம்பது ஏற்றினால் மூன்று டன். ஆகப் பின்னால் வருவது நான்கு டன். சாலை பத்தடி போனால் ஓரடி இறங்குகிறது. நம் மேட்டுக் காடுகளில் இது பெரிய இறக்கமே அல்ல. அந்தச் சரிவில் டிரெயிலர் தன் எடையில் பத்தில் ஒரு பங்கை முன்னால் தள்ளும், அதாவது 400 கிலோ. ஐம்பது கிலோ அரிசி மூட்டை எட்டை ஒன்றாகக் கட்டி, டிராக்டரின் முதுகில் வைத்து நெருக்குவது போல. அந்த நெருக்கல் மேட்டின் உச்சியிலிருந்து அடிவாரம்வரை ஒரு நொடிகூட ஓயாது. ஆறடிக்கு ஓரடி இறங்கும் செங்குத்தான சாலை என்றால் எட்டு மூட்டை பதின்மூன்று மூட்டை ஆகிவிடும்.

இவ்வளவையும் தாங்கிப் பிடிக்க வேண்டிய டிராக்டரின் எடை என்ன? தங்கை எழுதியிருக்கும் வண்டி மாஸ்ஸி பெர்குசன் 135. 1964-இல் அறிமுகமான இந்த வண்டியை அறியாத தோட்டம் நம் நாட்டில் குறைவு. மூன்று சிலிண்டர் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின், சிவப்பு மூடி, சாம்பல் நிற உடல். அது ஏறத்தாழ ஒன்றரை டன் இருக்கும். ஒன்றரை டன் நான்கு டன்னைப் பிடித்து நிறுத்த வேண்டும். அதுவும் நான்கு சக்கரத்தாலும் அல்ல. இந்த வண்டிக்குப் பிரேக் பின்சக்கரம் இரண்டில்தான் இருக்கிறது, முன்சக்கரத்தில் கிடையாது. பழைய டிரெயிலர்கள் பலவற்றிலும் ஓடும்போது பிடிக்கும் பிரேக்கே இல்லை. நிறுத்தியபின் இழுத்துவிடும் கைப்பிடி மட்டும் இருக்கும், அதுவும் பல இடங்களில் துருப்பிடித்துக் கிடக்கும். ஆகவே நான்கு டன்னின் கதி இரண்டே டயர்கள் மண்ணைக் கவ்வும் பிடியில்தான் இருக்கிறது. மழை பெய்து செம்மண் சோப்பாகிவிட்டால் அந்தப் பிடியும் பாதிக்குமேல் போய்விடும்.

இப்போது "பிரேக் நல்லாத்தான் இருக்கு" என்ற பேச்சுக்கு வருவோம். பிரேக் என்ன வேலை செய்கிறது? வண்டியின் ஓட்டத்தைச் சூடாக மாற்றுகிறது, அவ்வளவுதான். டிரம்முக்குள் பிரேக் கட்டை உரசுகிறது, சூடு பிறக்கிறது, வேகம் குறைகிறது. டிராக்டரும் பாரமும் சேர்ந்து ஐந்தரை டன். அது நூறடி உயரம் இறங்கி வருகிறது என்று வையுங்கள். அந்த வேலை முழுவதையும் பிரேக்கின் தலையிலேயே கட்டினால், டிரம்முக்குள் பிறக்கும் சூடு ஐந்தரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. வீட்டில் பெரிய கெண்டியில் தண்ணீர் வைத்துக் கொதிக்கும்வரை நின்று பாருங்கள், அது எவ்வளவு சூடு என்பது தெரியும். மண் சாலையின் உராய்வு அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்தான். எஞ்சியதே அந்த இரண்டு டிரம்களுக்கு மிக அதிகம். இரும்பு டிரம் சூட்டில் விரியும். கட்டை அதைத் தேடிக்கொண்டு இன்னும் தூரம் போக வேண்டும். கட்டையின் முகமும் சூட்டில் மினுமினுப்பாகி வழுக்கத் தொடங்கும். மேட்டின் உச்சியில் கல்லாய்ப் பிடித்த பிரேக் பாதி வழியில் பஞ்சாய் அமுங்குவது இதனால்தான். அடிவாரத்தில் ஆறவிட்டுப் பார்த்தால் மறுபடியும் நன்றாகப் பிடிக்கும். அதனால் பட்டறையில் சோதித்தவர், "பிரேக்கில் ஒரு கோளாறும் இல்லை" என்று எழுதிவிடுவார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் சோதித்தது ஆறிய பிரேக்கை.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். வேகம் இரண்டு மடங்கானால் அதை அடக்கத் தேவையான வேலை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். மணிக்கு எட்டு கிலோமீட்டரில் இறங்கியவர் பதினாறுக்குப் போய்விட்டால் நான்கு மடங்கு கடன்காரர். "கொஞ்சம் வேகமாப் போயிடுச்சு" என்று டிரைவர்மார்கள் சொல்லும் அந்தக் "கொஞ்சம்" இறக்கத்தில் கொஞ்சமாக இராது.

அப்படியானால் பாரத்தை எது பிடிக்க வேண்டும்? எஞ்சின்தான் பிடிக்க வேண்டும். ஏற்றத்தில் எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றுகிறது. இறக்கத்தில் எண்ணெயைக் குறைத்துவிட்டால் சக்கரம் எஞ்சினைச் சுழற்ற வேண்டியிருக்கிறது. பிஸ்டன்களையும் பம்புகளையும் பற்சக்கரங்களையும் தூக்கிச் சுழற்றும் அந்தச் சுமை வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது. கியர் தாழ்வாக இருக்க இருக்க, சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்கு எஞ்சின் பல சுற்றுச் சுற்றியாக வேண்டும், பிடியும் அவ்வளவு கூடும். அந்தச் சூடு எஞ்சினுக்குள் போய்த் தண்ணீரோடும் காற்றோடும் வெளியேறுகிறது. எஞ்சினுக்கு விசிறியும் ரேடியேட்டரும் இருக்கின்றன. பிரேக் டிரம்முக்கு என்ன இருக்கிறது?

ஓய்வு பெற்ற அந்தப் பெரியவர் எனக்குச் சொன்ன கணக்கு எளிமையானது. பாரத்தோடு அதே மேட்டில் ஏற வேண்டுமானால் எந்தக் கியர் போடுவாயோ அதே கியரில் இறங்கு. மழை நாளென்றால் பாரத்தைக் குறைத்துக்கொள், அல்லது வேறு சாலையால் சுற்றிப் போ. அவர் காலத்து டிரைவர்கள் மேட்டின் தலையில் வண்டியை முழுவதும் நிறுத்திவிட்டு, கியர் போட்டு, எண்ணெய்க் கைப்பிடியைக் கீழே கொண்டுவந்து, பிறகுதான் கிளட்சை மெல்ல விடுவார்களாம். இளைஞர்கள் அதைப் பார்த்து, "அண்ணன் சாமி கும்பிட்டுட்டு வர்றாரு" என்று கேலி செய்வார்களாம். கேலிக்கு அவர் காது கொடுத்ததே இல்லை.

மேட்டின் தலையிலேயே இதைச் செய்தாக வேண்டும். இந்தப் பழைய வண்டிகளின் கியர்ப் பெட்டியில், ஓட்டத்தின் நடுவில் பற்களை இணக்கிக் கொடுக்கும் ஏற்பாடு கிடையாது. இன்றைய காரில் ஓடிக்கொண்டே கியர் மாற்றிப் பழகிய தம்பி, இறக்கத்தின் நடுவில் கிளட்சை மிதித்து ஒரு கியர் குறைக்கப் பார்க்கிறான். கிளட்சை மிதித்த அந்த நொடியே எஞ்சின் பிடி அறுந்துவிட்டது. எட்டு மூட்டை நெருக்குகிறது. வண்டி வேகமெடுக்கிறது. தாழ்ந்த கியரின் பல் இப்போது பொருந்தாது, கர்கர் என்று அலறும். பழைய கியருக்கும் திரும்பிப் போக முடியாது. கையில் இருப்பது இரண்டு டிரம் மட்டும். ஆகவே இறக்கத்தின் நடுவில் கிளட்சின் மேல் கால் வைக்கவே கூடாது. சிலர் பழக்கத்தால் காலைக் கிளட்சின் மேலேயே ஓய்வாக வைத்திருப்பார்கள். அந்தக் காலை எடுத்துப் பலகையில் வைக்கச் சொல்லுங்கள்.

டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஃப்ரீ கியரில் விட்டு இறங்குகிறவர்களைப் பற்றி எனக்குச் சொல்வதற்கு நல்ல வார்த்தை எதுவும் இல்லை. எண்ணெய்க் கைப்பிடியைக் குறைத்து, கியரில் இறங்கும் எஞ்சினுக்கு டீசல் ஏறத்தாழ நின்றேபோகிறது. ஃப்ரீயில் விட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடிக்கும். மிச்சமும் இல்லை, ஒன்றும் இல்லை.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையை நான் எழுதியதற்கு முக்கியக் காரணம். நம் தோட்டங்களில் ஓடிய மாஸ்ஸி பெர்குசன் வண்டிகள் பலவற்றில் "மல்டி-பவர்" என்று ஒரு சிறிய கைப்பிடி இருக்கும். 1960-களில் வந்த ஏற்பாடு இது. கிளட்சை மிதிக்காமலே ஒவ்வொரு கியரையும் "ஹை", "லோ" என்று இரண்டாக்கிக் கொள்ளலாம். ஆறு கியர் பன்னிரண்டு ஆகிவிடும். ஏற்றத்தில் இது அருமையான வசதி. இறக்கத்திலோ, தாழ்ந்தது நல்லது என்று படித்தவன் என்ன செய்வான்? கைப்பிடியை "லோ"வில் போடுவான். அங்கேதான் ஆபத்து.

சைக்கிளை நினைத்துப் பாருங்கள். மேட்டிலிருந்து இறங்கும்போது மிதிப்பதை நிறுத்தினால் பின்சக்கரம் நிற்கிறதா? கிரிக்கிரி என்று தன்பாட்டுக்குச் சுழல்கிறது. மிதி சக்கரத்தை ஓட்டும், சக்கரம் மிதியை ஓட்டாது. மல்டி-பவர் "லோ"வில் உள்ளே இருப்பதும் அப்படிப்பட்ட ஒருவழி இணைப்புத்தான். எஞ்சின் சக்கரத்தை ஓட்டலாம். சக்கரம் எஞ்சினை ஓட்ட முடியாது. ஆகவே "லோ"வில் எஞ்சின் பிடி என்பது அறவே கிடையாது. முதல் கியரே போட்டிருந்தாலும் இறக்கத்தில் வண்டி ஃப்ரீ கியரில் போவது போலவே போகும். எஞ்சின் அமைதியாக முனகிக்கொண்டிருக்கும், வண்டி பறக்கும். இறக்கத்தில் அந்தக் கைப்பிடி "ஹை"யில்தான் இருக்க வேண்டும், பெரிய கியர்தான் தாழ்வாக இருக்க வேண்டும். இரண்டையும் மேட்டின் தலையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் ஒன்று உண்டு. அந்த "ஹை" நிற்பது எண்ணெய் அழுத்தத்தால். அழுத்தத்தைத் தருவது எஞ்சினோடு சுழலும் பம்பு. எஞ்சின் அணைந்தால் அழுத்தம் போய்விடும், வண்டி மறுபடியும் சைக்கிள் ஆகிவிடும். எனவே இந்த வண்டியை மேட்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, "கியரில்தானே விட்டிருக்கிறேன்" என்று இறங்கிப் போவது வீண் நம்பிக்கை. பழசாகித் தேய்ந்த மல்டி-பவர் "ஹை"யிலும் வழுக்கும். அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது: மிகச் சிறிய சரிவில், பாரமில்லாமல், "ஹை"யில் எண்ணெயைக் குறைத்துப் பாருங்கள். எஞ்சின் சத்தம் கனத்து வண்டியைப் பிடிக்கிறதா, அல்லது வண்டி நழுவுகிறதா என்பது தெரிந்துவிடும். நழுவினால் அந்த வண்டி மேட்டுக் காட்டுக்கு ஆகாது. சமதரைக்கு விடுங்கள்.

இந்தச் செய்தி வண்டியோடு வந்த கையேட்டில் இருந்தது. ஆனால் ஐம்பது ஆண்டுகளில் கையேடு எங்கே போனதோ? வண்டி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கும், அங்கிருந்து சிறு தோட்டக்காரருக்கும் விலைக்குப் போயிருக்கும். கையேடு முதல் பட்டறையிலேயே கறையான் தின்றிருக்கும். இன்று அந்த இருக்கையில் வங்காளதேசத்துத் தம்பியோ இந்தோனேசியத் தம்பியோ உட்கார்ந்திருக்கலாம். அவருக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. கைப்பிடியைத் தொட்டுக் காட்டி, "ஹை" இருக்கும் பக்கத்தில் சிவப்புச் சாயத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். மலைச் சாலைகளில் மலாய் மொழியில் எழுதி வைத்திருக்கிறார்களே, "கியர் ரெண்டா" என்று, அந்தச் சொல் அவருக்கும் புரியும். ஆனால் மல்டி-பவருக்கு அந்தப் பலகை எதிர்மாறாகப் பொருள்படும் என்பதைக் கையாலேயே காட்டிவிடுங்கள்.

பிரேக் மிதியைப் பற்றியும் ஒரு சங்கதி. வலது பக்கம் இரண்டு மிதிகள் இருக்கும். ஒன்று இடச் சக்கரத்துக்கு, ஒன்று வலச் சக்கரத்துக்கு. வயலில் ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்துச் சட்டென்று திரும்ப இந்த ஏற்பாடு. இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க ஒரு கொண்டி உண்டு. பாரத்தோடு சாலையில் இறங்கும்போது அந்தக் கொண்டி போட்டே இருக்க வேண்டும். கொண்டி இல்லாமல் அவசரத்தில் ஒரு மிதி மட்டும் காலில் பட்டால் டிராக்டர் ஒரு பக்கம் இழுக்கும். பின்னால் நான்கு டன் நேராக நெருக்கும். கத்தியை மடக்குவது போல டிரெயிலர் டிராக்டரை மடக்கிக் கவிழ்த்துவிடும். கொண்டி போட்டும் ஒரு பக்கமே இழுக்கிறதென்றால் ஒரு டிரம்முக்குள் எண்ணெய் கசிகிறது என்று சந்தேகிக்கலாம். இறுக்கித் திருகினால் அது தீராது, கசிவை மாற்ற வேண்டும்.

வளைவுக்கு முன்பே, சாலை நேராக இருக்கும்போதே, வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் பிரேக் மிதித்தால் டிரெயிலர் குறுக்கே தள்ளும். பிரேக் தொட வேண்டி வந்தால், காலை மெதுவாக வைத்தபடியே வழிநெடுக உரசிக்கொண்டு வராமல், உறுதியாக மிதித்து வேகத்தை நன்றாகக் குறைத்து, பிறகு முழுவதும் விட்டுவிட வேண்டும். டிரம் ஆறட்டும். எஞ்சின் அலறத் தொடங்கினால் மறுபடியும் ஒரு முறை.

ஈர மண்ணில் இன்னொரு வம்பு இருக்கிறது. கியர் மிகத் தாழ்வாக இருந்தால் பின்சக்கரம் மெல்லச் சுழலும், பாரமோ வேகமாகத் தள்ளும், டயர் பிடிவிட்டு வழுக்கத் தொடங்கும். வண்டி சறுக்குக் கட்டையாகிவிடும். இந்த நேரத்தில் மனித இயல்பு பிரேக்கை மிதிக்கச் சொல்லும். மிதித்தால் சறுக்கல் கூடும். அப்போது எண்ணெயைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். ஆம், கூட்டத்தான் வேண்டும். சக்கரம் சாலையின் வேகத்துக்குச் சுழலத் தொடங்கினால் பிடி திரும்பும், ஸ்டியரிங்கும் கேட்கும். இதைப் பழக்கமில்லாமல் அந்த நொடியில் செய்ய எவராலும் முடியாது. ஆகவே மழை பெய்து கொண்டிருக்கும்போது அந்தச் சாலைக்குப் பாரத்தோடு போகாமல் இருப்பதே நல்ல வழி.

குலை அடுக்கும் பெண்களும் ஆண்களும் கவனிக்க: ஒற்றை அச்சு டிரெயிலரில் பாரம் கொஞ்சம் முன்பக்கமாக இருக்க வேண்டும். அப்போது கொக்கி வழியாக டிராக்டரின் பின்சக்கரத்தின்மேல் எடை விழும், டயர் மண்ணைக் கவ்வும். அவசரத்தில் பின்பக்கமே குவித்துவிட்டால் டிரெயிலர் கொக்கியை மேலே தூக்கும், பின்சக்கரம் லேசாகிவிடும். கொக்கி ஆணிக்குப் பதிலாக எங்கோ கிடந்த இரும்புக் கம்பியைச் சொருகுவதும் வழக்கமாகிவிட்டது. சரியான ஆணியும், அது எகிறாமல் காக்கும் வளையமும் விலை மிகக் குறைவு.

எவ்வளவு ஏற்றலாம்? பெரிய டிராக்டர் கம்பெனி ஒன்றின் கையேடுகளில், பிரேக் இல்லாமல் இழுக்கப்படுவது டிராக்டரின் எடையைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. ஒன்றரை டன் வண்டிக்கு அது இரண்டேகால் டன் ஆகிறது. டிரெயிலரின் எடையைக் கழித்தால் குலைக்கு ஒன்றேகால் டன். இருபது கிலோ குலை என்றால் அறுபது சொச்சம். மேட்டில் அதற்கும் குறைவாகத்தான் ஏற்ற வேண்டும். நூற்றைம்பது குலை ஏற்ற வேண்டுமானால் டிரெயிலருக்கென்று தனிப் பிரேக் வேண்டும், அல்லது பெரிய டிராக்டர் வேண்டும். மூன்றாவது வழி எனக்குத் தெரியவில்லை.

இதைச் சொன்னால் டிரைவர்மார்கள் சிரிப்பார்கள். "வாத்தியாரே, அறுபது குலை ஏத்தினா எத்தனை நடை அடிக்கிறது?" என்பார்கள். நியாயமான கேள்விதான். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் வேக வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயில் புளிப்பு ஏறித் தரம் கெடும். ஆகவே பெரட்டுக் களத்திலேயே அவசரம் தொடங்கிவிடுகிறது. ஆலையின் எடைப் பாலம் மூடுவதற்குள் இன்னொரு நடை என்று மண்டோர் விரட்டுகிறார். மண்டோரை மேலே இருப்பவர் விரட்டுகிறார். டன் கணக்கில் கூலி என்றால் டிரைவரைத் தானே விரட்டிக்கொள்கிறார். விபத்து நடந்தபின் அறிக்கையில் "ஓட்டுநரின் கவனக்குறைவு" என்று ஒரு வரி போட்டு முடித்துவிடுவது வழக்கம். பிரேக் இல்லாத டிரெயிலரை நான்கு டன்னோடு மேட்டுக்கு அனுப்பியவரின் கவனம் அந்த வரியில் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்கிறேன்.

சட்டமும் கேட்கிறது. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தோட்டத் தொழிலுக்கும் உரியது. 2022-இல் அதைத் திருத்தினார்கள். திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. அதில் 26A என்று ஒரு பிரிவு இருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. எனவே பிரேக் பஞ்சாய் அமுங்கினாலோ மல்டி-பவர் நழுவினாலோ வாய்ச்சொல்லோடு விடாமல், தேதி போட்டு ஒரு தாளில் எழுதிப் பட்டறையிலும் ஆபீசிலும் கொடுத்து, ஒரு படி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தயங்கும் அண்ணன்மார்களுக்கு ஆறாம் ஆண்டு படிக்கும் பிள்ளையே எழுதிக் கொடுத்துவிடும்.

எல்லாம் செய்தும் வண்டி கைமீறி ஓடினால்? கிளட்சைத் தொடாதீர்கள். கியரை மாற்றப் பார்க்காதீர்கள். இரண்டு பிரேக்கையும் சேர்த்து மிதியுங்கள். வண்டியை நேராக வைத்திருங்கள். இன்னும் வேகமெடுப்பதற்குள் பள்ளத்துப் பக்கத்தை விட்டு மேட்டுப் பக்கத்து மண்கரையில் உரசி ஏற விடுங்கள். குலையும் இரும்பும் போனால் போகட்டும். நகரத்து வாசகர்கள் இது தோட்டத்துச் சங்கதிதானே என்று நினைத்துவிட வேண்டாம். 2013 ஆகஸ்டு 21-ஆம் நாள் கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் மாண்டார்கள். மலையிலிருந்து இறங்கும் காருக்கும் தாழ்ந்த கியர் உண்டு. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் காரிலும் அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது.

தாய்மார்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். டிரெயிலரின் குலை மேலும், கொக்கிச் சட்டத்தின் மேலும், சக்கர மூடியின் மேலும் பிள்ளைகளை ஏற்றி அனுப்பாதீர்கள். பள்ளிக்கூடம் மூன்று கட்டை தூரம், பேருந்து வரவில்லை, டிரைவர் நம்ம மாமாதானே என்பது எனக்கும் தெரியும். வேலை நாள் காலையில் மேட்டுச் சாலையில் சேற்றோடு நடந்து வரும் பிள்ளைகளை நான் நேரம் பார்த்துத் திட்டுவதில்லை. கொக்கிச் சட்டத்தில் நிற்கும் பிள்ளை தவறினால் விழும் இடம் டிராக்டர் சக்கரத்துக்கும் டிரெயிலர் சக்கரத்துக்கும் நடுவில். பழைய வண்டிகளில் கவிழ்ந்தால் காக்கும் இரும்புச் சட்டமும் இருக்காது. டிரைவர் ஒருவருக்கே அதில் இடம் பத்தாது.

கடைசியாக, நிறுத்தும்போது செய்ய வேண்டியது. மேட்டில் குலை ஏற்றுவதற்காக நிற்கும்போது பிரேக்கைப் பூட்டிவிட்டு, இரண்டு கட்டைகளை டிரெயிலர் சக்கரத்துக்குப் பள்ளத்துப் பக்கமாக நெருக்கி வையுங்கள். செம்பனை மட்டையோ கையில் கிடைத்த கல்லோ உதவாது. மட்டை நசுங்கும், கல் உருளும். நல்ல கெட்டிப் பலகையில், முக்கோணமாக, டயர் உயரத்தில் நான்கில் ஒரு பங்காவது இருக்கும்படி தச்சரிடம் சொல்லி வெட்டி வாங்குங்கள். கயிற்றில் கட்டி டிரெயிலரிலேயே தொங்கவிட்டால் தொலையாது. எடுக்கும்போது சக்கரத்துக்கு முன்னால் நின்று குனிந்து எடுக்காமல், பக்கவாட்டில் நின்று கயிற்றைப் பிடித்து இழுத்து எடுங்கள்.